இடது வலது இல்லாத ஷூ

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பூந்தமல்லிக்கு வெளியே ஏற்றுமதிக்காகத் தோல் ஷூ தைக்கும் ஒரு சின்ன கம்பெனியில் செக்கராக இருந்தேன். தைத்து முடித்தவற்றை இடது வலது பார்த்து ஜோடி சேர்த்துப் பெட்டியில் வைப்பது என் வேலை.

ஒருநாள் அமெரிக்காவிலிருந்து ஒரு சாம்பிள் வந்தது. மேலே பித்தளை பக்கிள் வைத்த கறுப்பு ஷூ. எது இடது என்று பார்க்கக் கையில் எடுத்தேன். தெரியவில்லை. கட்டைவிரல் பக்கம் வளைவே இல்லை. இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் அப்படியேதான் இருந்தன. வழக்கம்போல் சிவப்புச் சீட்டைக் கட்டி ரிஜெக்ட் தட்டில் வைத்துவிட்டேன்.

தையலைப் பார்த்துக்கொண்ட மாஸ்டரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். பூந்தமல்லிக்காரர், நாற்பது வயது இருக்கும். சீட்டைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“இன்னாம்மா, சாம்பிளையே ரிஜெக்ட் பண்ணிகீற?”

“எந்தக் காலுக்குன்னு நீங்களே சொல்லுங்க பாய். சீட்டை எடுத்துடுறேன்.”

திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே கையை விட்டுத் தடவினார். “தெரிலயே. தச்சவன் தூங்கிகினே தச்சிகீறான்.”

மேனேஜரும் அப்படித்தான் நினைத்தார். தப்பைத் திருத்தி, இடது வலது பிரித்து, ஆறு ஜோடி தைத்து அனுப்பினோம். கொஞ்சம் பெருமையோடுதான்.

ஆறும் திரும்பி வந்தன, கூடவே ஒரு கடிதமும். மேனேஜர் அதைத் தமிழில் சொன்னார். அமெரிக்கா இங்கிலாந்து ராஜாவுக்குக் கீழே இருந்த காலத்தில் ஷூவுக்கு இடது வலது கிடையாதாம். ஒரு பக்கமே தேயாமலிருக்க, இன்று இந்தக் காலில், நாளை அந்தக் காலில் என்று மாற்றிப் போடுவார்களாம். இப்போது அங்கே சிலர் லீவு நாட்களில் அந்தக் காலத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு, கூடாரம் அடித்து, விறகில் சமைத்து வாழ்ந்து பார்க்கிறார்களாம். ஷூ அவர்களுக்கு.

“ராஜா வேஷமா சார்?” என்று பாய் கேட்டார்.

“இல்ல பாய். விவசாயி, கொல்லன், ஷூ தைக்கிறவரு. பொம்பளைங்க தண்ணி காய வச்சு துணி துவைப்பாங்களாம்.”

“லீவு நாள்லயா?” என்றேன். ஞாயிற்றுக்கிழமை கள்ளிக்குப்பம் வீட்டில் பம்பு அடித்து ஒரு வாரத் துணியைத் துவைக்கிறவள் நான். அதையே வேஷம் கட்டிக்கொண்டு செய்ய ஆட்கள் இருந்தார்கள்.

பாய்க்கு வேறு யோசனை. “ஷூ தைக்கிறவன் மாறியும் ஒருத்தன் வேஷம் போட்டுகீறானா? அவன பாக்கணுமே.”

ஷூவுக்குள் வைத்துத் தைக்கும் மரக்காலை நடுவில் வளைவில்லாமல் புதிதாகச் செதுக்க வேண்டியிருந்தது. பாயின் கை பழக்கத்தில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போனது. மூன்று கட்டைகள் வீணாயின. நான்காவது சரியாக வந்தது. முதலில் என் அளவுக்கு ஒரு ஜோடி தைத்தார்.

“போட்டுகினு நடந்து பாரும்மா. எப்டி கீதுன்னு சொல்லு.”

தினமும் மாற்றி மாற்றிப் போட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பக்கிளையே பார்த்தார்கள். முதல் நான்கு நாட்கள் சுண்டுவிரல் செத்துப்போனது. பிறகு தோல் இளகிக் கொடுத்தது. ஆனால் காலையில் எழுந்தால், நேற்று எது எந்தக் காலில் இருந்தது என்று நினைவு வரவில்லை. பக்கிளில் நூல் கட்டி அடையாளம் வைக்க ஆரம்பித்தேன். அந்தக் காலத்துப் பெண்ணும் அடுப்பு மூட்டப்போகும் அவசரத்தில் இப்படி உட்கார்ந்து யோசித்திருப்பாளா? கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது. பதில் கடிதத்தின் கடைசியில் அதை எழுதும்படி மேனேஜரிடம் சொன்னேன். சிரித்தார். ஆனாலும் எழுதினார்.

அடுத்த ஆர்டரோடு பதில் வந்தது. உறுதியாக அவர்களுக்கும் தெரியாதாம். மண்ணில் தோண்டி எடுத்த பழைய ஷூக்களில் சில இருபுறமும் சமமாகத் தேய்ந்திருக்கின்றன. சில ஒரே காலில் கிடந்து அந்தக் காலின் வடிவத்துக்கே வளைந்திருக்கின்றன. கூடாரத்துக்குள் இதை வைத்து இன்னும் சண்டை போடுகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள்.

பாய் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். “மாத்திப் போட மறந்துட்டவங்களும் இருந்துகீறாங்க,” என்றார்.

அதற்குப் பிறகு நானும் நூல் கட்டவில்லை. கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு ஓடினேன்.