செல்வராணியின் பஸ்ஸில் ஐந்து இடம்

மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் தொழிற்சாலை பஸ் ஓட்டும் ஒரே பெண் செல்வராணி. நாற்பத்து நான்கு இருக்கையிலும் ஆள் ஏற்றிக்கொண்டு காலை ஐந்தரைக்குக் கிளம்புவாள். குளுவாங்கில் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டு, காலி பஸ்ஸோடு வீடு திரும்பிச் சமைத்து, தூங்கி, மாலையில் மறுபடி போய் அவர்களை அழைத்து வருவாள். கணவர் இறந்தபின் தோட்ட வேலையை விட்டு, முப்பத்தெட்டு வயதில் பஸ் லைசென்ஸ் எடுத்தவள். பயிற்சி கொடுத்தவர், "இது சமையக்கட்டு இல்லம்மா" என்றாராம். "தெரியும். அங்க கிளட்ச் கிடையாது" என்றாளாம் இவள்.

கட்சிக் கிளையின் செயலாளரும் அவள்தான். தோட்டம் மூடியபோது மக்களுக்குத் தருவதாக ஆளும் கூட்டணி சொன்ன வீட்டு நிலம் வேறு யாருக்கோ போனதும், கூட்டணியை விட்டு விலகுவதாகக் கிளை தீர்மானம் போட்டது. முதலில் உயர்ந்த கை அவளுடையது. அந்த மாதக் கடைசியிலேயே வட்டார மேம்பாட்டு மானியம் நின்றது. மானியத்தில் ஓடிய வேனும் நின்றது. வாரம் மூன்று நாள் ஐந்து பேரைக் குளுவாங் டயாலிசிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோன வேன் அது.

நாலு பேர் எப்படியோ சமாளித்தார்கள். லெட்சுமணனுக்கு மட்டும் ஒரு புதன்கிழமை சிகிச்சை தப்பிப்போனது. வெள்ளியன்று யாரோ காரில் ஏற்றிப் போனபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் அவர் மனைவி வெள்ளையம்மா காத்திருந்து பிடித்துக்கொண்டாள்.

"கை தூக்கறப்போ எங்கள ஒரு வார்த்த கேட்டியா ராணி? உன் ரோஷத்துக்கு எங்க வீட்டு மனுஷன் கால வந்து பாரு."

வழியெல்லாம் செல்வராணிக்கு அதே நினைப்பு. கை தூக்கியது தப்பில்லை. தூக்கிய பிறகு என்ன என்று யோசிக்காததுதான் தப்பு.

வீட்டுக்கு வந்தால் கூட்டணிக்காரர் கமலநாதன் ஒரு கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"தப்பா முடிவெடுத்துட்டோம், மறுபடி சேத்துக்குங்கன்னு எழுதியிருக்கு. செயலாளர் கையெழுத்து போட்டா திங்கக்கெழம வேன் வந்துரும்."

"நெலம் வருமாண்ணே?"

"அது வேற விஷயம் லா."

"லெட்சுமணன் அண்ணன் கிட்னியக் காட்டி எங்கிட்ட கையெழுத்து வாங்காதீங்க."

கடிதத்தை மடித்து அவர் சட்டைப் பையிலேயே செருகி அனுப்பினாள். அனுப்பிவிட்டாளே தவிர, திங்களுக்கு இரண்டு நாள்தான் பாக்கி.

சனிக்கிழமை காலை பஸ்ஸைக் கிளப்புமுன் எழுந்து நின்று கேட்டாள். "எனக்கு அஞ்சு சீட் வேணும். டயாலிசிஸ் போறவங்களுக்கு. அஞ்சு பேர் நின்னுக்கிட்டு வர்றீங்களா?"

"நான் உங்க கட்சி இல்லக்கா" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"கட்சிக்கு ஆள் கேக்கலடி. உக்கார எடம் கேக்கறேன்."

பஸ்ஸே சிரித்தது. ஆனால் அவள் அங்கிருந்தே தொலைபேசியில் கேட்டபோது பஸ் முதலாளி சோங் மறுத்துவிட்டார். யாரும் நின்றுகொண்டு வரக்கூடாது, போலீஸ் சம்மன் வரும். காலி பஸ் பகலில் எங்கே நின்றாலும் தனக்குக் கவலையில்லை என்றார்.

"எங்க வீட்டு சாகா கார் சும்மாதானே நிக்குது" என்றாள் பயணிகளில் ஒருத்தியான ரூபினி. "அந்த மூணு நாளும் என்கூட நாலு பேர் வாங்க. அஞ்சு எடம் காலியாயிரும்."

"ஏர்கோன் வேல செய்யுமா?" என்று கேட்டுவிட்டு முதலில் பேர் கொடுத்தவள், அந்தப் பின்வரிசைக்காரி.

திங்கட்கிழமை முன்வரிசை ஐந்து இடமும் நிரம்பின. இனி சிகிச்சை முடியும்வரை செல்வராணி குளுவாங்கிலேயே காத்திருந்து அவர்களைத் திரும்பக் கொண்டுவருவாள். பகல் தூக்கம் பஸ்ஸின் கடைசி இருக்கையில்தான். கணவரைப் படியில் தள்ளி ஏற்றிய வெள்ளையம்மா, "அடுத்த தடவ எங்களையும் கேட்டுட்டு கை தூக்கு" என்றாள்.

"கேக்கறேன். நீங்களும் தூக்கணும்."

எதிர்க் கடையில் தேநீர் வாங்கிக்கொண்டிருந்த கமலநாதன் பஸ் அருகே வந்தார். "மானியம் இல்லாம இத எத்தன நாளைக்கும்மா ஓட்டுவ?"

"திங்க, புதன், வெள்ளி" என்றாள் செல்வராணி. "அப்புறம் மறுபடி திங்க. நவுருங்கண்ணே, கதவு சாத்தணும்."