உறுத்தாத துப்பாக்கி

வெல்டன் ப்ரேதர் மெத்தை வாங்குவதற்கு இரண்டு வருஷம் யோசித்தவர். கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் யோசித்தார் என்பதை அவர் மனைவி அவ்வப்போது சொல்லிக்காட்டுவாள். ஓக்லஹோமாவின் கிழக்கு மூலையில் பண்ணை வீடுகளுக்கு கேஸ் நிரப்பும் லாரி ஓட்டினார். இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ளத் துப்பாக்கி வாங்க நினைத்த எவரும் கடைக்குப் போகுமுன் அவரிடம்தான் வந்தார்கள். கடைக்காரருக்கு விற்றால் போதும். வெல்டனுக்குப் பொருந்த வேண்டும்.

கடையில் நின்று சுவரைக் குறிபார்க்கிறவர்களை அவர் மதிப்பதில்லை. உறையோடு இடுப்பில் செருகிக்கொண்டு உட்காரச் சொல்வார். குனிந்து ஷூ கயிற்றைக் கட்டச் சொல்வார். மேல் தட்டிலிருந்து எதையாவது எடுக்கச் சொல்லி, சட்டை எவ்வளவு தூக்குகிறது என்று பார்ப்பார். பெரிய துப்பாக்கி சுடும்போது சாது. ஆனால் சட்டைக்கு மேல் புடைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். மிகச் சிறியது சமர்த்தாக ஒளிந்துகொள்ளும், சுட்டால் மணிக்கட்டை உதைக்கும். அந்த உதைக்குப் பயந்து பயிற்சியையே விட்டுவிட்டு, சுடத் தெரியாத துப்பாக்கியைச் சுமந்து திரிகிறவர்களை அவருக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒன்றை, சுண்டு விரலும் பிடியில் நிற்கிற மாதிரி, ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடி வாங்கியிருந்தார்.

"நல்ல துப்பாக்கின்னா இடுப்புல இருக்கறதே மறந்துபோகணும்" என்பார். ஊரே இதைத் திருப்பிச் சொல்லும்.

அவர் போகும் பாப்டிஸ்ட் சபையில் காவல் குழுவுக்கும் அவரே தலைவர். கர்த்தர் காப்பார் என்று போதகர் பிரசங்கிக்கும்போது, காக்காமல் போனால் என்ன செய்வது என்று யோசித்தபடி கதவோரம் நிற்பது அந்தக் குழுவின் வேலை. இடுப்புத் துப்பாக்கி தெரியாதிருக்க, ஆராதனை முடியும்வரை ஜூலை வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பின்கூடத்தில் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் மதிய உணவு. வெல்டன் கழிப்பறைக்குப் போய்வந்து, பீன்ஸும் சோள ரொட்டியும் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே ராண்டல். குழுவில் புதியவன், வெல்டன் பேச்சைக் கேட்காமல் பெரிய துப்பாக்கியாக வாங்கிவிட்டவன்.

"என்ன ராண்டல், சட்டைக்குள்ள பூசணிக்காயா?"

"குத்தத்தான் செய்யுது பிரதர். பழகிடும்."

"எனக்குப் பழகவே வேண்டியதில்ல" என்று வெல்டன் பெருமையாகத் தன் இடுப்பைத் தட்டினார். உள்ளங்கைக்கு அடியில் சட்டை இருந்தது. சட்டைக்கு அடியில் வெல்டன் மட்டும் இருந்தார்.

ஞாபகம் வந்துவிட்டது. கழிப்பறையில் கால்சட்டையை இறக்குமுன் உறையோடு எடுத்து, காகிதச் சுருள் பெட்டியின் தலையில் வைத்திருந்தார். சுடத் தயாராக, தோட்டாக்களோடு.

அந்தக் கூடத்துக்கு ஒரே கழிப்பறை. அவர் போய் நின்றபோது ஞாயிறு பள்ளிச் சிறுமி ஒருத்தி ஈரக் கைகளைப் பாவாடையில் துடைத்தபடி வெளியே வந்தாள். உள்ளே பெட்டியின் தலை காலியாக இருந்தது.

சத்தம் போட்டிருக்கலாம். போட்டால், தொலைத்தது யார் என்பதும் அதே மூச்சில் வெளியே வரும். குழுவில் எவனாவது எடுத்திருப்பான், சாடையாகக் கொண்டுவந்து கொடுத்துவிடுவான் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். காவல் குழுவின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லா வாயும் மென்றுகொண்டிருந்தது. மேஜைக்கு அடியில் குழந்தைகள் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வெல்டன் பீன்ஸ் சாப்பிட்டார். காலை உரசிக்கொண்டு ஒரு குழந்தை ஊர்ந்து போனபோதுதான் கரண்டி நின்றது.

எழுந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. என் துப்பாக்கிய டாய்லெட்ல வெச்சுட்டு வந்துட்டேன். இப்ப அங்க இல்ல."

தாய்மார்கள் மேஜைக்கு அடியில் குனிந்தார்கள். கூடத்தைப் பார்த்த சமையலறைக் கண்ணாடி ஜன்னல் திறந்தது. உள்ளே ஒலீட்டா, சபையின் சமையலறையை எழுபது வயதிலும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள்.

"இங்க இருக்கு பிரதர். அங்கேர்ந்து எடுத்தாந்து ஃப்ரீசர்ல வெச்சுப் பூட்டி சாவிய கையில வெச்சிருக்கேன்."

"யாரோடதுன்னு தெரியலையா, சிஸ்டர்?"

"ஏன் தெரியாது? நீங்க காட்டாத ஆள் இந்த ஊர்ல யாரு?"

"அப்ப உடனே கூப்பிட்டிருக்கலாமே."

"எப்ப எந்திரிச்சு சொல்றீங்கன்னு பாத்தேன். போய்த் தேடினீங்க. திரும்பி வந்து உக்காந்தீங்க. பீன்ஸ் சாப்பிட்டீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

யாராவது சிரித்திருந்தால் வெல்டன் அவளுக்கு ஏதாவது பதில் சொல்லியிருப்பார். யாரும் சிரிக்கவில்லை. பூசணிக்காய்க்காரன் கூட எழுந்து வந்து முழங்கையைப் பிடித்து, "யாருக்கும் நடக்கும் பிரதர்" என்றான். துப்பாக்கியை மறந்ததை அவனால் மன்னிக்க முடிந்தது. அந்தப் பீன்ஸைப் பற்றி அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

சில்லிட்டுப்போன துப்பாக்கியை வெல்டன் வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். தலைவர் பதவி வேண்டாம் என்று போதகரிடம் சொன்னார். போதகர் வருந்தினார், ஆனால் வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு உதவி மட்டும் கேட்டார்: ஒலீட்டா ஒரு பலகை எழுதியிருக்கிறாள், அதைக் கழிப்பறைச் சுவரில் அடித்துத் தர வேண்டும், சபையில் ஆணி அடிக்கத் தெரிந்தவர் வெல்டன்தானே.

பலகையில் கொட்டை எழுத்தில் இருந்தது: விளக்கை அணைக்கவும். கை கழுவவும். கண்ணாடி, பைபிள் மற்றும் பிற பொருட்களை மறக்காமல் எடுத்துச் செல்லவும்.

வெல்டன் மட்டம் பார்த்துச் சுவரில் பிடித்தார். ஒலீட்டா வாசலில் நின்றாள்.

"இந்த உயரம் போதுமா, சிஸ்டர்?"

"அது எனக்கென்ன தெரியும்? உக்காந்தா கண்ணுக்கு நேரா இருக்கணும். உக்காந்து பாருங்க."

வெல்டன் உட்கார்ந்து பார்த்தார்.