எஸ்தர் அக்கா பிசைந்த அப்பம்

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார்.

நேற்று காலை கம்பெனி பஸ்ஸில், ஒரகடம் வருவதற்குள்... சீட்டிலேயே சாய்ந்துவிட்டார். நேற்று எனக்கு லீவு. தூங்குகிறார் என்றுதான் பஸ்ஸில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். ஹார்ட் அட்டாக்.

கம்பெனியில் எங்கள் அசெம்பிளி லைனில் வயரிங் செக் பண்ணுகிற எஸ்தர் அக்கா. இருங்காட்டுக்கோட்டையில் நானும் அவரும் ஒரே ரூமில் வாடகைக்கு இருந்தோம். நான் தென்காசிக்காரி, முருகனைக் கும்பிடுகிறவள். அவர் இயேசுவை. எங்களுக்குள் அது ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை.

அவருடைய சர்ச்சில் திருவிருந்துக்குக் கொடுக்கும் அப்பத்தை அக்காதான் சுடுவார். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, முக்காடு போட்டுக்கொண்டு மாவு பிசைய உட்காருவார். ஓவன் எல்லாம் கிடையாது. பழைய குக்கரில் மணலைப் பரப்பி, அதற்குள் தட்டை வைத்துச் சுடுவதுதான்.

பிசையும்போது ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒருவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். லீவு கேட்டதற்கு எல்லோர் முன்னாலும் அவரைத் திட்டிய சூப்பர்வைசர் பெயரும் வரும்.

“அந்தாளுக்கு எதுக்குக்கா ஜெபம்?”

“அவனுக்குத்தான்டி நெறைய வேணும். அவன் பேர சொன்னா மாவு நல்லா சாஃப்ட்டா ஆவுது பாரு,” என்று ஓங்கி ஒரு குத்து விட்டார். இரண்டு பேரும் சிரித்தோம்.

மாவை மூடி வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். போன்கூடப் பார்க்க மாட்டார். போரடிக்கவில்லையா என்று கேட்டேன்.

“நாள் பூரா லைன் என்னைத் தள்ளிக்கினே கீது. இது தானா எழும்பும், எனக்கு வேலையே இல்ல. சும்மா குந்திக்கினு இருக்கறதும் ஜெபம்தான்டி.”

அப்புறம் சர்ச்சுக்குப் புதிதாக ஒரு வசதியான குடும்பம் வந்தது. அந்த வீட்டு ஐயா கொஞ்ச நாளிலேயே கமிட்டியில் உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்கு எந்த ஊர் என்று விசாரித்தார். வல்லக்கோட்டைப் பக்கம் என்றார் அக்கா.

“ஊரா, காலனியா?”

“காலனிங்க.”

அடுத்த ஞாயிறு எனக்கும் லீவு என்பதால் கூடப் போயிருந்தேன். வெள்ளைத் துணியில் சுற்றிய அப்பத்தோடு வந்த அக்காவைப் பாஸ்டர் வாசலிலேயே நிறுத்தினார்.

“சிஸ்டர், இனிமே கடையில விக்கிற பாக்கெட் அப்பம்தான். கமிட்டி முடிவு. ஹைஜீன் பாக்கணும்ல...”

“கை கழுவிட்டுதானே பாஸ்டர் பெசஞ்சேன்?”

உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது, பாஸ்டர் போய்விட்டார்.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மறுநாள் டீ பிரேக்கில் அந்த அப்பத்தைப் பிட்டு லைனில் எல்லோருக்கும் கொடுத்தார். நான், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், அந்த சூப்பர்வைசர்... அவரும் வாங்கித் தின்றார். “யாருக்குப் பொறந்த நாளு?” என்று கேட்டார்.

“யாருக்கும் இல்ல சார். சாப்புடுங்க.”

அதற்குப் பிறகும் சனிக்கிழமை சுடுவதை அவர் நிறுத்தவில்லை. ஞாயிறு சர்ச்சுக்கும் போனார், கடைசி பெஞ்ச். பாக்கெட் அப்பம் வாங்க மட்டும் எழுந்து போக மாட்டார்.

“கோவமாக்கா?”

“கோவம்தான். கர்த்தர்கிட்டயே சொல்லிட்டேன். அவரும் ஒண்ணும் சொல்லல.”

இன்று அடக்கம். சர்ச்சில் அதே கமிட்டி ஐயா மைக்கைப் பிடித்தார். “நம்ம சபைக்கு அன்போட அப்பம் சுட்டுக் கொடுத்த சகோதரி...”

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து கேட்டுவிட்டேன்.

“அந்த அப்பத்த நீங்க ஒரு வாயாவது தின்னியளா ஐயா?”

பக்கத்திலிருந்த பெரியவர் என் கையைப் பிடித்து, “சாவு வூட்ல இன்னாத்துக்குமா இதெல்லாம்... உக்காரு,” என்றார்.

நான் வெளியே வந்துவிட்டேன். ஐயா விட்ட இடத்திலிருந்து தொடங்கிப் பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கினார். மண் போடும்போதுதான் மறுபடி கிட்டே போனேன்.

நாளைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். அக்கா இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்று லைன் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்துவிட்டது.

போய் வாங்க எஸ்தர் அக்கா...