கடலடிச் சுரங்கத்தில் தாஹா

சங்கரன்கோவில் மாரிக்கண்ணனும் கடையநல்லூர் தாஹாவும் இங்கிலாந்தின் தென்கரையில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்தார்கள். ஊர்ப்பேச்சு பேச வேறு ஆளில்லை. ஒரே அறை, ஒரே சட்டிச் சோறு.

அந்த ஊர்ச் சுண்ணாம்புப் பாறைக்குள் ஒரு பழைய சுரங்கம் இருந்தது. கடலுக்கடியிலேயே பிரான்ஸ் வரை போய்விடலாமென்று விக்டோரியா ராணி காலத்தில் தோண்ட ஆரம்பித்து, பாதியில் கைவிட்டிருந்தார்கள். வாசலில் இருந்த கம்பிக்கதவு வளைந்து கிடந்தது. ஒரு லீவு நாளில், பார்த்தே தீரவேண்டுமென்று தாஹா மாரிக்கண்ணனை இழுத்துப் போனான்.

உள்ளே முழங்காலளவு தண்ணீர். மேலிருந்து சொட்டிக்கொண்டேயிருந்தது.

“தலைக்கு மேல கடல் கெடக்குலே!” என்று தாஹா சிரித்தான்.

போகப்போக மாரிக்கண்ணனுக்கு மூச்சு முட்டியது. நெற்றி விண்விண்ணென்று தெறித்தது. அவனுக்குத் தெரிந்த சங்கதிதான் அது. ஊரில் பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கிய சித்தப்பா மயங்கி விழ, தூக்கப்போன அப்பாவும் மேலே வரவில்லை.

“ஏலே தாஹா, காத்து சரியில்ல. திரும்பிருவோம்.”

“இந்தா, அந்த வளைவ மட்டும் பாத்துட்டு வாரேன்.”

வளைவில் தாஹா கையிலிருந்த டார்ச் தண்ணீருக்குள் விழுந்தது. மாரிக்கண்ணன் கூப்பிட்டான், பதில் இல்லை. இரண்டெட்டு முன்னால் வைத்தான்; கால் துவண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி வெளியே வந்து போன் செய்தான். பிராணவாயு முகமூடி போட்ட மீட்புக்காரர்கள் தூக்கிவந்தபோது தாஹாவின் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

மையித்துப் பெட்டியோடு மாரிக்கண்ணனும் ஊருக்கு விமானம் ஏறினான். கடையநல்லூரில் அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்ததும் தாஹாவின் உம்மா ஷரீபா பீவி அவனைக் கூப்பிட்டனுப்பினாள்.

“அவன் விழும்போது நீ எங்கன நின்ன, மக்கா?”

“பின்னாலதாம்மா. கூப்பிடுத தூரம்.”

“போயித் தூக்கலியா?”

பொய் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டான்.

“போனா நானும் வரமாட்டேன்னு தெரிஞ்சிச்சும்மா. வெளிய ஓடியாந்துட்டேன்.”



“ஒம்மேல குத்தமில்ல. நீயாவது உசுரோட வந்தியே.” தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். “ஆனா இனிமே இந்த வாசலுக்கு வராத. ஒன்னப் பாத்தா, பின்னாலயே அவனும் வாரான்னு தோணுது.”

மாரிக்கண்ணன் இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறான். தென்காசியில் சோலி இருந்தாலும் கடையநல்லூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுவதில்லை. சுரண்டை வழி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறான். ஏன் என்று அவன் மனைவி பொன்மணி ஒருமுறை கேட்டாள். தாஹாவின் உம்மா சொன்னதை அப்படியே சொன்னான். பிறகு அவள் கேட்கவில்லை.