ஆறு ஸ்பூன், அரை ஸ்பூன்

ஊசியக்கா வருகிறாள் என்றால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி போடுகிற நர்ஸுக்கு வேறு என்ன பேர் கிடைக்கும்? துணி மில்லுக்குப் பின்னால் வரிசையாக நின்ற தகரக் கூரை வீடுகளில் எந்தக் கதவு தள்ளினால் திறக்கும், எது இழுத்தால் திறக்கும் என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி.

மழைக்காலம் வந்தால் தெருக்குழாயில் தண்ணீர் கலங்கி வரும். கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு பிடிக்கும். பிடித்ததும் தாய்மார்கள் செய்கிற முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது.

"ஊத்த ஊத்தத்தானேக்கா போகுது. நிறுத்தினா நின்னுடும்ல?" என்பார்கள்.

நிற்கும்தான், குழந்தையோடு சேர்ந்து. ஒரு மழைக்காலத்தில் நான்கு குழந்தைகள் அப்படிப் போயின. சுகாதார நிலையத்து டாக்டர் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார். உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலக்குவது எப்படி என்று படம் போட்டு, எண் போட்டு, அழகான நோட்டீஸ். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதி வீடுகளில் அது அலமாரித் தட்டில் விரித்துக் கிடந்தது. மேலே டப்பாக்கள் உட்கார்ந்திருந்தன.

ஒருநாள் மத்தியானம் அந்தத் தெருவில் நடந்து வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லா வீட்டிலிருந்தும் ஒரே தாலாட்டு மெட்டு வந்துகொண்டிருந்தது. வார்த்தைகள் வீட்டுக்கு வீடு வேறு. மாமனைத் திட்டுகிற ஒரு வீடு, வராத புருஷனைத் தேடுகிற ஒரு வீடு. மெட்டு மட்டும் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவளும் அதைத் தப்பில்லாமல் பாடினாள்.

அன்றைக்கே பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட்டின் பின்பக்கம் அவள் எழுதினாள்.

கொதிச்சு ஆறின தண்ணியிலே – கண்ணே
ஒரு லிட்டரு அளவினிலே
ஆறு ஸ்பூனு சர்க்கரையாம் – கண்ணே
அரை ஸ்பூனு உப்பதுவாம்.

குரல் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனாலும் பையில் ஒரு டீஸ்பூனைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், தலை தட்டி அளந்து காட்டிப் பாடினாள். குழாயடியில் பாடினாள். மில் வாசலில் ஷிப்ட் மாறும்போது பாடினாள். பெண்கள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அப்புறம் அவர்களை அறியாமலே முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அடுத்த மழையில் ஒரு குழந்தையும் போகவில்லை. டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "என் நோட்டீஸை உங்க பாட்டு சாப்பிட்டுடுச்சு" என்று சிரித்தார். மேலிடத்திலிருந்து ஆள் வந்து பாட்டைப் பதிவு பண்ணிக்கொண்டு போனது. ஊசியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கும் அடுத்த மழையில்தான் பொத்தான்காரி வந்தாள். சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துப் பிழைக்கிறவள். இருபத்திரண்டு வயசுகூட இருக்காது. தோளில் பத்து மாசப் பையன். உதடு வெடித்திருந்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

"தண்ணி கொடுத்தியா?" என்று கேட்டாள் ஊசியக்கா.

"கொடுத்தேன்க்கா. ராத்திரியிலிருந்து கொடுத்துக்கிட்டேதான் இருக்கேன். பாட்டுல சொன்ன மாதிரியே கலந்தேன். முகத்தைச் சுளிச்சான், திமிறினான். மருந்துன்னா அப்படித்தானேன்னு மடியில படுக்கவச்சு ஊத்தினேன்."

ஊசியக்கா பிள்ளையின் வெடித்த உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். "பாட்டைப் பாடு" என்றாள்.

"இப்பவாக்கா?"

"பாடும்மா."

பிள்ளையைத் தோளில் வைத்தபடி அந்தப் பெண் பாடினாள்.

ஆறு ஸ்பூனு உப்பதுவாம் – கண்ணே
அரை ஸ்பூனு சர்க்கரையாம்.

மெட்டு கொஞ்சமும் இடிக்கவில்லை. சர்க்கரை இருந்த இடத்தில் உப்பு அச்சாகப் போய் உட்கார்ந்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே குழந்தை அடங்கிவிட்டது. சாவுப் பதிவேட்டில் 'வயிற்றுப்போக்கு' என்று எழுதினார்கள். டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "இனிமே அந்தப் பாட்டு வேண்டாம். விட்டுடுங்க."

விடுவதற்கு அது அவள் கையிலா இருந்தது? பாட்டு எப்போதோ அவளை விட்டுப் போயிருந்தது. தெருவில் இறங்கினால் ஏதாவது ஒரு ஜன்னல் பாடியது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் கீழே அவள் நின்றாள். முதல் இரண்டு வரி ஒழுங்காக வரும். மூன்றாவது வரியில் 'ஆறு ஸ்பூனு' என்று இழுத்து, தொட்டிலை ஒருமுறை ஆட்டி, மூச்சு வாங்குவார்கள். அடுத்த வார்த்தை வருகிற வரைக்கும் அவளுக்கு மூச்சு இருக்காது.

யார் முதலில் மாற்றிப் பாடியது என்று தேடினாள். பொத்தான்காரி, அடுத்த வீட்டுக்காரி பாடிக் கேட்டதாகச் சொன்னாள். அடுத்த வீட்டுக்காரி கடைசி வீட்டைக் காட்டினாள். கடைசி வீட்டுக்காரி பால்காரியைக் கைகாட்டினாள். தெரு முழுக்கப் பால் ஊற்றுகிற அந்த அம்மாள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஊசியக்காவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"என்ன இப்படிக் கேக்குறே? நீதானே பாடினே. போன மழையில, குழாயடியில. தொப்பலா நனைஞ்சு, ஜுரத்தோட வந்து நின்னுக்கிட்டு."

"நானா? எப்படிப் பாடினேன்?"

"எப்படின்னா? இப்ப எல்லாரும் பாடுறாங்களே, அப்படித்தான். எனக்கு எங்கே வரி வரியா ஞாபகம் இருக்கு?"

அன்று ஜுரம் இருந்தது நிஜம். குழாயடியில் நின்றதும் ஞாபகம் இருந்தது. என்ன பாடினாள் என்பது மட்டும் இல்லை. எத்தனை முறை யோசித்தாலும் அந்த இடத்தில் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பஸ்ஸில், சமையலறையில், ஊசி மருந்து உறிஞ்சும்போது, தன் குரலே காதுக்குள் பாடும். சில நாள் சரியாக. சில நாள் மாற்றி. எது நடந்தது, எது பயம் என்று பிரிக்க முடியாமல் போயிற்று. புருஷன் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "இன்னிக்கும் உப்பே போடலையே நீ" என்றார். அப்போதுதான், உப்பு டப்பாவைத் தொட்டே ஒரு வாரம் ஆகிறது என்பது அவளுக்குத் தெரிந்தது.

மூன்று மாசம் பொறுத்தாள். அதற்கு மேல் தாங்கவில்லை. பொத்தான்காரி வீட்டுக்குப் போனாள். ஒரே அறை. மூலையில் சட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. உத்தரத்தில் தொட்டில் கட்டிய கயிற்றின் தடம் இன்னும் போகவில்லை. அந்தப் பெண் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"நானே மாத்திப் பாடியிருக்கலாம்மா. பால்காரம்மா அப்படித்தான் சொல்றாங்க. எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல. உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல."

பொத்தான்காரி ஒரு பொத்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தாள்.

"யார் பாடினா என்னக்கா. கலக்கினது என் கைதான்." நூலில் முடிச்சுப் போட்டபடி சொன்னாள்: "ஒரு சொட்டு என் நாக்குல வச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாட்டுல அது இல்லையே. இருந்திருந்தா செஞ்சிருப்பேன்."

ஊசியக்கா வாய்விட்டு அழுதாள். அந்தப் பெண் அழவில்லை. அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாள்.

"பாட்டை நிறுத்தச் சொல்றாங்க" என்றாள் ஊசியக்கா.

"நிறுத்தினா பழையபடி தண்ணியை நிறுத்துவாங்க. மாத்துங்க. மாத்திப் பாட முடியாதபடி மாத்துங்க."

அன்று இருட்டும் வரைக்கும் இரண்டு பேரும் அந்தச் சட்டை மலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரிகளைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டார்கள். முதல் மூன்று வரியும் அப்படியே இருக்க, உப்பு வரி இருந்த இடத்தில் கடைசியில் நின்றது இது:

அரை ஸ்பூனுதான் கண்ணே உப்பு – அதுக்கு
மேலே இம்மி போனாலும் தப்பு
அம்மா நாக்குக்கு முதல் சொட்டு – அது
கண்ணீரை மிஞ்சினா கீழே கொட்டு.

இதில் உப்பைத் தூக்கிவிட்டுச் சர்க்கரையை வைத்தால் பாட்டு நொண்டும். பாடுகிற வாய்க்கே உறுத்தும். டாக்டர் படித்துப் பார்த்தார். "போய்ப் பாடுங்க" என்றார்.

பொத்தான்காரியும் கூட வந்தாள். கூப்பிடாமலே வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊசியக்கா பாடுவாள், அளந்து காட்டுவாள். பொத்தான்காரி நிலைப்படியில் சாய்ந்து நிற்பாள். வீட்டுக்காரி பாடிக் காட்டி, கலக்கி, தன் நாக்கில் ஒரு சொட்டு வைக்கிற வரைக்கும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்து சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். 'பிள்ளையைப் பறிகொடுத்தவ எதுக்கு வாசல்ல வந்து நிக்குறா' என்று காதுபடவே பேசினார்கள். அவள் அடுத்த ஞாயிறும் அதே வாசலில் நின்றாள். நான்காம் ஞாயிறு கதவு திறந்தது. அந்தப் பார்வையின் முன்னால் எவளுக்கும் அளவு தப்பவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருக்களில் உப்பால் ஒரு குழந்தையும் போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பொத்தான்காரிக்கு ஒரு பெண் பிறந்தது. தடுப்பூசிக்குத் தூக்கி வந்தபோது புது நர்ஸ் கையை நீட்டினாள்.

"அக்காவே போடட்டும்" என்றாள் பொத்தான்காரி.

ஊசியக்கா மருந்துக் குப்பியை எடுத்தாள். பேரைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். குப்பியைத் தாயிடம் நீட்டினாள். "நீயும் ஒரு தடவை பாரும்மா."

பொத்தான்காரிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை அசைத்து, மெதுவாகப் படித்தாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவள் நிமிரவில்லை. படித்து முடித்துவிட்டு, "சரியா இருக்குக்கா" என்றாள்.

ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு தாய் வராந்தாவில் இப்படியும் அப்படியும் நடந்தாள். வார்த்தையே இல்லாமல் வெறுமனே 'ம்... ம்...' என்று முனகினாள். மகன் போன பிறகு அந்தப் பாட்டை அவள் ஒருநாளும் பாடியதில்லை. ஊசியக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து, அழுகை அடங்குகிற வரைக்கும் அடுத்த குழந்தையைக் கூப்பிடாமல் நின்றாள்.