ஒரு படி பின்னால்

கரும்பு ஏற்றிக்கொண்டிருந்த லாரியின் மேலிருந்து என் தம்பி தலைகீழாக விழுந்தான். ரத்தம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து, "லாரி போயிடுச்சா அண்ணே?" என்றான். லாரி அவன் எதிரில்தான் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டான்.

எங்கள் தீவில், தவுவாப் பக்கத்தில், தலையில் அடிபட்டவனுக்குக் காயம் இல்லையென்றால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மறுநாள் அவன் கரும்பு வெட்டக் கத்தி தூக்குவான். அந்த வழக்கத்தை மாற்றப் பார்த்தவர் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு டாக்டர். பந்தாடி விழுந்தவனையும் லாரியிலிருந்து விழுந்தவனையும் அவர் ஒரே கவனத்தோடு பார்ப்பார். வீட்டாரை உட்கார வைத்துப் பேசுவார். எங்களையும் அப்படித்தான் உட்கார வைத்தார்.

"சட்டி உடையலம்மா. உள்ள தயிர் கலங்கியிருக்கு. ஆட்டாம வெச்சாத் தேறிடும்."

"கலங்கின தயிர் எங்க டாக்டரையா மறுபடி உறையும்?" என்றாள் என் மனைவி.

அவர் சிரித்துவிட்டார். "மூளை தயிரைவிட நல்லது தாயி."

முதலில் இருட்டறையில் ஓய்வு. பிறகு கோயில் வரை நடை. பிறகு கரும்பு வெட்டும் எங்கள் கேங்குக்கு டீ போடுவது, சிதறிய கரும்பு பொறுக்குவது, அப்புறம்தான் கத்தி. லாரி ஏறுவது எல்லாவற்றுக்கும் கடைசி. தலை வலித்தால் ஒரு படி பின்னால் வர வேண்டும். இதுதான் அவர் வைத்தியம்.

கேங்குக்குத் தலைவரான சர்தார் என் மச்சான், மனைவியின் அண்ணன். "ஒரு காயத்தையாவது காட்டுடா. விருந்துக்கு வந்த மாப்பிள்ளையாட்டம் படுத்திருக்கே" என்று தம்பியைக் குத்துவார். டாக்டர் வயலுக்கே வந்து, வெட்டுகிற ஆட்களோடு மாமரத்தடியில் உட்கார்ந்து விளக்கினார். மச்சான் இறங்கி வந்தார். "சரி, டீ போடட்டும். அதைக் குடிச்சு எங்களுக்குத் தலைவலி வராம இருந்தாச் சரி."

தம்பி டீ போட்டான். கரும்பு பொறுக்கினான். கேட்டதையே கேட்பது நின்றது. நான் முருகனுக்குக் கற்பூரம் ஏற்றி, "இன்னும் ரெண்டு படிதான் சாமி" என்று கும்பிட்டேன்.

அந்த நேரத்தில்தான் தலைநகர் சுவாவில் மறுபடியும் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். டாக்டர் குடியிருந்த தெருவில் இந்தியர் வீடுகள் மேல் கல் விழுந்தது. அவர் மனைவி பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயந்துபோனார். ஆஸ்திரேலியா போகுமுன் டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "அவசரப்படுத்திடாதீங்க" என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் போனபின் மச்சானும் கனடா போனார். கேங்கில் ஒவ்வொரு வீடாகக் காலியானது. ஆள் குறைந்தால் வெட்டு நிற்கும். வெட்டு நின்றால் எல்லார் கரும்பும் வயலிலேயே காயும். நாங்கள் யாரும் தம்பியைக் கூப்பிடவில்லை. அவனே கத்தியை எடுத்தான். "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே." வலியைச் சொன்னால் பின்னால் அனுப்பிவிடுவேன் என்று மறைத்திருக்கிறான். அந்த வாரமே, ஏற்ற ஆளில்லை என்று லாரி மேல் ஏறினான். வெயிலில் தலை சுற்றி, மறுபடியும் விழுந்தான்.

இந்த முறை ஆஸ்பத்திரியில் அவனைத் தெரிந்தவர் யாரும் இல்லை. மாத்திரை கொடுத்தார்கள்.

இப்போது அவன் இருட்டறையில்தான் இருக்கிறான். கோயில் மேளம்கூட அவனுக்கு ஆகாது. வாசல் வரை வந்தால் வாந்தி எடுக்கிறான். என்னைப் பார்த்து, "லாரி போயிடுச்சா?" என்கிறான். போயிடுச்சு என்கிறேன்.

தீபாவளிக்கு டாக்டர் போன் செய்தார். "தம்பி எந்தப் படியில இருக்கார்?"

"முதல் படியிலதான் டாக்டரையா. அங்கேயே தலை வலிக்குதுங்கிறான்."

"அப்படின்னா ஒரு படி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பின்னால் படி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். "சாமிய வேண்டிக்குங்க" என்றார். சரி என்றேன். கோயிலுக்குப் போகிறேன், கற்பூரம் ஏற்றுகிறேன். என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.