பையில் இருந்த பிரேக் கட்டைகள்

இதை இன்றுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். சைக்கிள் பந்தயத்தை விட்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆபீஸில் என் தொப்பையைக் கேலி செய்தார்கள். ரோஷம் வந்து, ஸ்ரீரங்கத்திலிருந்து ஜீயபுரம் போய்த் திரும்பும் பந்தயத்தில் பெயர் கொடுத்தேன். பிரேக் கட்டாயம் என்பது விதி. சோதனை முடிந்ததும், சக்கரத்தில் உரசக் கூடாதென்று பிரேக் கட்டைகளைக் கழற்றி டிராயர் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது நானும் காதரும்தான் முன்னால். புத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்; அன்றுதான் அறிமுகம். வழியில் ஓர் இறக்கம். அதன் அடியில் ரயில்வே கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். ரயில் ஊதியது.

"பிரேக்கைப் பிடிங்க!" என்று கத்தினார் காதர்.

"கட்டை இல்லைங்க!"

காலைத் தரையில் தேய்த்தேன். செருப்பு பறந்தது. வேகம் குறையவில்லை. பக்கத்தில் வந்த காதர் என் தோளில் ஓங்கித் தள்ளினார். வாழைத்தோட்டத்துச் சேற்றில் போய் விழுந்தேன். சாத்திய கேட்டருகே அவர் சைக்கிள் கிரீச்சென்று நின்றது. ரயில் கடந்தது.

பின்னால் ஜீப்பில் வந்த நடுவர், காதர் தள்ளியதை மட்டும்தான் பார்த்திருந்தார். "இவர் உங்களைத் தள்ளினாரா?" என்று கேட்டார்.

பையிலிருந்த கட்டைகள் தொடையில் குத்தின.

"ஆமாங்க" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

காதரைப் பந்தயத்திலிருந்து நீக்கிவிட்டு நடுவர் ஜீப்பில் போய்விட்டார். நடுவரிடம் என் சைக்கிளை ஒரு விரலால் காட்டியிருந்தால் போதும், காதர் காட்டவில்லை. அதைச் சேற்றிலிருந்து தூக்கி நிறுத்தினார்.

"கட்டையை மாட்டிக்கிட்டுப் போங்க. பாலத்துல பஸ் வரும்."

பையிலிருந்து கட்டைகளை எடுத்தேன். அவரே வாங்கி மாட்டிவிட்டார். நான் ஏறிப் பந்தயத்தைத் தொடர்ந்தேன்.